பட்டியல் போட்டுக் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா?

ஒரு அரசின் கையில் ஏழைகளுக்கென்று செலவழிக்கப் புதிதாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் செய்துவிடும் அளவுக்கு இல்லை. ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் செய்யப் போதும். அதை எதில் போடலாம்?

ஆசியாவில் இந்தக் கேள்விக்குப் பல நாடுகள் பலவிதமாக விடை சொல்லியிருக்கின்றன. ஏழைக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து வங்கிக் கணக்கில் பணம் போடலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கலாம். மருத்துவமனை, ரேஷன் கடை, சத்துணவு என்று எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பலப்படுத்தலாம். வேலை கேட்டவருக்கு வேலை தரலாம். கடன் தரலாம், கறவை மாடு வாங்கித் தரலாம். சீனா செய்ததுபோல ஊர் ஊராக அதிகாரிகளை அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுத்தும் தீர்க்கலாம்.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ரூபாய் செலவுக்கு எவ்வளவு பலன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் எனக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் திட்டம் யாரை வெளியே நிறுத்தும்? தகுதியில்லாத நாலு பேர் உள்ளே நுழைந்துவிட்டால் பத்திரிகையில் செய்தி வரும், தணிக்கையில் ஆட்சேபம் வரும். தகுதியுள்ள நாலு பேர் விடுபட்டால் பல ஊர்களில் அது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அதனாலேயே அரசுகள் முதல் தவறுக்குப் பயந்து இரண்டாவது தவறைத் தாராளமாகச் செய்கின்றன.

ஏழை யார் என்று யார் சொல்வது?

ஆசியாவின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது. கட்டட வேலை, தெருக்கடை, குத்தகை நிலம், மீன்பிடி என்று இன்றைக்கு ஒரு வருமானம், மழை பெய்தால் இல்லை. இவர்களில் யார் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அரசுக்கு நேரடியாகத் தெரிய வழியில்லை. ஆகவே கூரை ஓடா தகரமா, தரை சிமெண்டா மண்ணா, சமைப்பது விறகிலா எரிவாயுவிலா, வீட்டில் மோட்டார் சைக்கிள் உண்டா, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் எல்லாமே இந்த மதிப்பெண் முறைக்கு வந்தவைதான்.

பாகிஸ்தான் வந்த வழி சுவாரசியமானது. 2008-இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் பேநசீர் வருமான ஆதரவுத் திட்டம் தொடங்கியபோது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் 8,000 விண்ணப்பப் படிவங்களைக் கொடுத்து, உங்கள் தொகுதியில் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார்கள். படிவம் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் அந்த முறையைக் கைவிட்டு, 2010, 2011 ஆண்டுகளில் வீடு வீடாக மதிப்பெண் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அரசியல்வாதியின் கையைவிட மதிப்பெண் தாள் மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தத் தாள் எவ்வளவு சரி? இதற்கு இந்தோனேசியாவில் கிடைத்த விடை எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவானது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் அரசுடன் சேர்ந்து 640 குக்கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். தேர்வாகும் குடும்பத்துக்கு ஒருமுறை 30,000 ரூபியா. சில ஊர்களில் மதிப்பெண் முறை. சில ஊர்களில் ஊர்க்கூட்டம். கூட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் ஒரு முனை வசதியானவர், மறுமுனை ஏழை என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டுத் தலைவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, இரண்டை எடுத்துக்காட்டி, 'இவர்களில் யார் கொஞ்சம் வசதி?' என்று கேட்டார்கள். பதில் வந்ததும் கயிற்றில் இடம் பிடித்து வைத்தார்கள். அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை என்று கடைசி வீடுவரை.

குடும்பங்கள் உண்மையில் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் மதிப்பெண் முறை கொஞ்சம் மேல்தான். அதில் தவறு சுமார் 30 சதவீதம், ஊர்க்கூட்டத்தில் சுமார் 33. இரண்டிலுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு முடிவு தப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் கூட்டம் நீள நீளச் சலித்துப்போனார்கள், கடைசியில் வந்த அட்டைகளில் தவறு கூடியது. இவ்வளவு இருந்தும் மக்களுக்குத் திருப்தி தந்தது ஊர்க்கூட்டம்தான். காரணம், ஊராரின் கணக்கே வேறு. தாளின்படி ஓரளவு செலவு செய்கிற விதவையை அவர்கள் ஏழை என்று வைத்தார்கள். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மதிப்பெண் தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

இலங்கையில் 2023-இல் நெருக்கடிக்கு நடுவே வந்த அஸ்வெசும திட்டம், குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தது: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று. பட்டியல் வெளியானதும் லட்சக்கணக்கில் மேல்முறையீடுகள் குவிந்தன. பல ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு நாட்டின் பொருளாதாரமே கவிழ்ந்து, நேற்றுவரை நடுத்தரமாக இருந்தவர் கேஸ் வரிசையில் நின்றார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வாரத்தில் எடுத்த கணக்கு அடுத்த வாரம் பழையதாகிவிடும். வறுமை என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நோய் வந்தால் உள்ளே போவதும் ஒரு நல்ல வெள்ளாமையில் வெளியே வருவதுமான ஒன்று. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பட்டியல் அதைப் பிடிக்க முடியாது.

இலங்கைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 வாக்கில் தொடங்கிய அரிசிப் பங்கீடு அங்கே பல பத்தாண்டு நடந்தது. 1979-இல் அதை நிறுத்திவிட்டு, மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரை என்று மாற்றினார்கள். செலவு குறைந்தது உண்மை. ஆனால் முத்திரையின் மதிப்பு ரூபாயில் நின்றுவிட்டது, விலைவாசி நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதை வைத்து வாங்கக்கூடியது பாதியாகக் குறைந்தது. கூப்பன் அரிசியில் கை வைத்தபோது 1953-இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் பதவி விலகினார். முத்திரை தேய்ந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. நடுத்தர வர்க்கம் வரிசையிலிருந்து போய்விட்டது; மிச்சம் இருந்தவர்களின் குரல் கொழும்புக்கு எட்டவில்லை.

தமிழ்நாடு இதே இடத்தில் எதிர்த் திசையில் போனது. 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி அட்டை வேண்டுமா, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை தரும் அட்டையா, எந்தப் பொருளும் வேண்டாத அட்டையா என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2011 ஜூன் முதல் அரிசி இலவசமானது. பணக்காரனுக்கும் இலவச அரிசியா என்று இன்றும் கேட்கிறார்கள். வசதியானவர் அட்டையை வைத்துக்கொண்டு அரிசி வாங்காமல் விடுவதும், வாங்கி வேறு கைக்குப் போவதும் நடப்பதுதான். ஆனால் புருஷன் செத்த மறுமாதம் ஒரு பெண், 'நான் இப்போது ஏழையாகிவிட்டேன்' என்று எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டியதில்லை. அட்டை ஏற்கெனவே கையில் இருக்கிறது. எனக்கு இது அந்த விரயத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

அதே தமிழ்நாடு 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது பட்டியல் பக்கம் வந்தது. மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம், நிலம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரமா என்று வரையறைகள். 1.6 கோடிக்கும் மேல் விண்ணப்பம் வந்து, முதலில் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மேல்முறையீட்டுக்கு வழி வைத்தார்கள், பிற்பாடு பட்டியலும் விரிந்தது. ஒரே மாநிலம், இரண்டு முறை. அரிசிக்கு வராத மனக்கசப்பு ஆயிரம் ரூபாய்க்கு ஏன் வந்தது என்று யோசித்தால் போதும்.

சரி, பட்டியலே கூடாதா? கேரளம் செய்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 2021-இல் தொடங்கி, வார்டு மட்டத்தில் உள்ளாட்சியும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்களும் சேர்ந்து 64,006 குடும்பங்களை மிக வறியவர்கள் என்று கண்டெடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம்: ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு வெறும் ஆதார் அட்டை. 2025 நவம்பர் 1-இல் அதீத வறுமை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் முறை கவனிக்க வேண்டியது. மூன்றரைக் கோடி மக்களில் இவ்வளவு சின்னப் பட்டியல் போட முடிந்தது, மற்ற எல்லோருக்கும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ரேஷனும் ஏற்கெனவே இருந்ததால்தான். பொது ஏற்பாடு பெரும்பாலோரைத் தாங்கிக்கொண்ட பிறகு, மிஞ்சியவர்களைப் பெயர் சொல்லித் தேடலாம்.

பணமா, பொருளா?

ரொக்கமாகக் கொடுப்பதில் பெரிய நன்மை, வாங்குபவருக்குத் தன் தேவை தெரியும். மருந்துக்கா, பள்ளிக் கட்டணத்துக்கா, கந்துவட்டிக்காரனை ஒரு மாதம் தள்ளிப்போடவா என்று அவர் முடிவெடுப்பார். பணத்தைக் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் ஆதாரமில்லாதது. பல நாட்டு ஆய்வுகள் அதைப் பொய்யாக்கிவிட்டன.

பிலிப்பைன்ஸின் 'பாந்தாவித்' திட்டம் நிபந்தனையோடு வருவது. குழந்தை மாதத்தில் 85 சதவீத நாள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும், கர்ப்பிணி பரிசோதனைக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறை குடும்பக் கூட்டத்தில் உட்கார வேண்டும். 2008-இல் பெரிய அளவில் தொடங்கி, 2019-இல் சட்டமானது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருக்கின்றன. இந்தோனேசியாவில் 2007-இல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்தை ஆறு ஆண்டு கழித்து அளந்து பார்த்தபோது, பள்ளிச் சேர்க்கை கூடியிருந்தது, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு கணிசமாகக் குறைந்திருந்தது. இரண்டு ஆண்டில் பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் திட்டத்தின் பெயரை மாற்றுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நிபந்தனையில் எனக்கு ஒரு நெருடல். பள்ளியும் சுகாதார நிலையமும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் நிபந்தனை வேலை செய்யும், ஆனால் அங்கே அது பெரிய தேவையும் இல்லை. படகில் ஏறிப் போக வேண்டிய தீவிலோ மலையிலோ இருக்கும் தாய்க்கு அதே நிபந்தனை அபராதமாகிவிடுகிறது. பள்ளியைக் கட்டாத அரசு, பள்ளிக்கு வராத குழந்தைக்காகத் தாயின் பணத்தைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

ரொக்கத்தின் பெரிய பலவீனம் விலைவாசி. பிலிப்பைன்ஸில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 2008-இல் மாதம் 300 பெசோ. 2019 சட்டத்திலும் அதே 300. ஈரானைப் பாருங்கள். 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியங்களை வெட்டிவிட்டு, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் ஏறத்தாழ எல்லோர் கணக்கிலும் போட்டார்கள். பட்டியல் தகராறு இல்லை. ஆரம்பத்தில் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அப்புறம் பணவீக்கமும் தடைகளும் சேர்ந்து அடித்தன. பத்து ஆண்டுக்கும் மேலாகத் தொகை மாறவேயில்லை. கடைசியில் அது பெயருக்கு ஒரு பணமாக மிஞ்சியது. எல்லோருக்கும் கொடுத்தால் மட்டும் போதாது, விலையோடு சேர்த்து ஏறுமாறு சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். அரிசிக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தையில் கிலோ என்ன விலை விற்றாலும் ரேஷனில் 20 கிலோ 20 கிலோதான்.

பொருளாகக் கொடுப்பதே மேல் என்று இங்கே முடித்துவிடலாம் என்று தோன்றும். இந்தோனேசியா மறுபடி குறுக்கே வருகிறது. அங்கே 'ரஸ்கின்' என்ற மானிய அரிசி ஏழைகளுக்கு மாதம் 15 கிலோ என்று விதிக்கப்பட்டது. மூட்டை ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் இறங்கும். அவர் ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது, ஆகவே எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். வழியில் குறைந்தது போக ஏழைக்கு வந்தது உரிமையில் ஒரு பகுதிதான். உங்களுக்கு இவ்வளவு உரிமை உண்டு என்று எழுதிய அட்டையைத் தபாலில் அனுப்பிப் பார்த்தபோது, அந்த ஒரு காகிதத்தாலேயே குடும்பங்களுக்குக் கிடைத்த மானியம் 26 சதவீதம் கூடியது. பின்னால் அரிசியை நிறுத்தி, கடையில் தேய்த்து அரிசியும் முட்டையும் வாங்கும் மின்னணு அட்டைக்கு மாறினார்கள். 105 மாவட்டங்களில் இதை அளந்தபோது, உரிய குடும்பங்களுக்குச் சேர்ந்த உதவி 46 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆக, பணமா பொருளா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நடந்து போகும் தூரத்தில், மாதம் முழுக்கத் திறந்திருக்கும், கணக்குக் காட்ட வேண்டிய கடை ஒன்று இருக்கிறதா? இருந்தால் பொருள். மூட்டையை யாரோ ஒருவர் திண்ணையில் இறக்கும் நிலைமை என்றால் அட்டையோ பணமோ மேல்.

முப்பது பாட் வைத்தியம்

ஆசியாவில் வறுமையிலிருந்து தப்பித்தவர்களை மறுபடி ஏழையாக்குவது பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. நிலம், நகை, மாடு எல்லாம் ஒரே வாரத்தில் போகும். இந்த ஒன்றை அடைத்தால் எத்தனையோ திட்டங்களுக்கான தேவையே குறையும். அதைச் செய்து காட்டியது தாய்லாந்து.

2001-இல் அங்கே ஏறத்தாழ 1.8 கோடிப் பேருக்கு எந்த மருத்துவக் காப்பும் இல்லை. அரசு ஊழியருக்கு ஒன்று, தனியார் நிறுவன ஊழியருக்கு ஒன்று, ஏழை அட்டைக்காரருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தது. நடுவில் விழுந்தவர்கள் விவசாயிகளும் சிறுவியாபாரிகளும். புதிய ஏற்பாட்டில், முதலிரண்டில் இல்லாத அனைவரும் தாமாகவே உள்ளே. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட். யார் ஏழை என்று யாரும் கேட்கவில்லை. பணம் பொது வரியிலிருந்து வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்தார்கள். 2002-இல் அது ஆண்டுக்கு ஆளுக்குச் சுமார் 1,200 பாட். அதனால் வீண் பரிசோதனை எழுதிச் சம்பாதிக்க ஆஸ்பத்திரிக்குக் காரணமில்லை. ஏழை மாகாணங்களில் பச்சிளங் குழந்தை இறப்பு குறைந்தது, வைத்தியத்தால் கடனாளி ஆகும் குடும்பங்கள் குறைந்தன.

அப்போது தாய்லாந்து பணக்கார நாடல்ல. 1997 நிதி நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மாவட்டத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள், இளம் டாக்டர்கள் கிராமத்தில் பணியாற்றுவதைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அந்த அடித்தளம் இல்லாமல் காப்பீட்டு அட்டையை மட்டும் அச்சடித்தால் பணம் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். இன்றைக்கும் அங்கே அரசு ஊழியருக்குத் தலைக்குச் செலவாகும் தொகை மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஏற்றத்தாழ்வு போய்விடவில்லை. ஆனாலும் அது உயிர் போகும் விஷயமாக இல்லாமல் ஆகிவிட்டது.

வேலை கேட்டால் வேலை

பட்டியல் தலைவலியைச் சுற்றிப் போக இன்னொரு வழி, யாரும் வரலாம், ஆனால் வெயிலில் மண் வெட்ட வேண்டும் என்பது. தேவை இல்லாதவர் வரமாட்டார். இந்தியாவின் 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் இப்படித்தான் உருவானது: ஆண்டுக்கு 100 நாள், கேட்ட 15 நாளுக்குள் வேலை, இல்லையென்றால் வேலையில்லாப் படி. பெண்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்று விதித்தார்கள். நடைமுறையில் பாதிக்கும் மேல் வந்தார்கள். நம் ஊரில் 'நூறு நாள் வேலை' என்றால் முதலில் மனதில் வருவது பாட்டிகள்தான்.

இதில் பலரும் கவனிக்காத பலன், வேலைக்கு வராதவருக்கும் கிடைத்தது. ஆந்திரத்தில் பயோமெட்ரிக் அட்டை மூலம் கூலியைக் காலத்தோடு கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், ஏழைகளின் வருமானம் கூடியது. கூடியதில் பெரும்பகுதி திட்டக் கூலி அல்ல, வெளியே கிடைத்த கூலி. நூறு நாள் வேலை ஒழுங்காக நடக்கிற ஊரில் பண்ணைக்காரர் பழைய கூலிக்கு ஆள் கூப்பிட முடியாது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முணுமுணுப்பின் இன்னொரு பக்கம் இது. ஏற்றத்தாழ்வு என்று பார்த்தால் இந்த ஒப்பீட்டில் பேரம் பேசும் பலத்தையே மாற்றியது இதுதான்.

எழுத்தில் இருந்தது உறுதி. கிடைத்தது வேறு. கூலி தாமதமானால் 15 நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 3,000 ரூபாய் கூலி ஒரு மாதம் தாமதமானால் 45 ரூபாய். அதுவும் பல இடங்களில் வரவில்லை. பிறகு காலையும் பிற்பகலும் வேலையிடத்தில் செல்போன் படம், ஆதார் வழிச் சம்பளம் என்று கட்டுப்பாடுகள் சேர்ந்தன; சிக்னல் கிடைக்காத ஊரில் செய்த வேலைக்கும் கூலி தகராறு. 2022 மார்ச்சில் முறைகேட்டைக் காரணம் காட்டி மேற்கு வங்கத்துக்கு மத்திய அரசு நிதியை நிறுத்தியபோது, சட்டப்படி உரிமை என்பதெல்லாம் அந்த மாநிலத் தொழிலாளிக்கு ஏட்டுச் சுரைக்காய் ஆனது. 2025 டிசம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நிறைவேறியது: நாள் 125 ஆகக் கூடியது, செலவில் மாநிலங்களின் பங்கும் கூடியது. ஏழை மாநிலங்கள் அந்தப் பங்கை எங்கிருந்து போடும் என்பதுதான் பார்க்க வேண்டியது. இத்தனைக்கும், உழைக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, கைக்குழந்தைக்காரி ஆகியோருக்கு வேலை உறுதியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

கடனும் கறவை மாடும்

கடனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. வங்கதேசத்தில் 1970-களில் முளைத்து 2006-இல் நோபல் பரிசுவரை போன குறுங்கடனை ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் அளந்து பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்த சிலருக்கு உதவியது. சராசரிக் குடும்பத்தின் செலவு, கல்வி, பெண்ணின் நிலை எதிலும் பெரிய மாற்றம் இல்லை. 2010-இல் ஆந்திரத்தில் தவணை நெருக்கடி கடன் வாங்கியவர்களின் தற்கொலைகளில் போய் நின்றது தெரிந்த கதை. மகளிர் குழுவின் மதிப்பு கடனைவிட, பெண்கள் வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேரளம் அதைத்தான் பயன்படுத்தியது.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கியது வேறு வகை. கடனே வாங்க முடியாத அளவுக்கு ஏழையான பெண்ணுக்கு, மாடோ ஆடோ இலவசமாக, சில மாதம் சாப்பாட்டுக்குப் படி, பயிற்சி, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள். இரண்டு ஆண்டு. இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015-இல் வந்த முடிவு, திட்டம் நின்ற பிறகும் பலன் நின்றது. மேற்கு வங்கத்தில் பத்தாண்டு கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேலேயே இருந்தன. செலவு கூட, ஆள்பலம் கூட. ஆகவே கோடிக்கணக்கானவருக்கு இது சரிவராது. கேரளத்தின் 64,006 மாதிரியான சின்னப் பட்டியலுக்குப் பொருத்தம்.

சீனா

சீனாவின் எண்கள் மலைக்க வைப்பவை. 832 வறிய மாவட்டங்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலர்கள் கிராமங்களுக்கு, 96 லட்சம் பேர் மலைகளிலிருந்து புது இடங்களுக்கு, 2021 பிப்ரவரியில் கடும் வறுமை ஒழிந்தது என்ற அறிவிப்பு. ஆனால் கடைசிக் கட்டம் இது. அதற்கு முன் 1978-க்குப் பிந்தைய நிலக் குத்தகைச் சீர்திருத்தமும் தொழிற்சாலை வேலைகளும் பெரும் வேலையைச் செய்து முடித்திருந்தன. அந்த ஆள்படையை வேறெந்த அரசும் திரட்ட முடியாது. மக்களை இடம்பெயர்க்கும் அதிகாரத்தை எந்த அரசுக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்வேன். அந்த அறிவிப்புக்கு முந்தைய ஆண்டுதான் அப்போதைய பிரதமர் லீ கச்சியாங், 60 கோடி மக்களின் மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடு தாண்டுவது ஒன்று, இடைவெளி குறைவது வேறொன்று.

அப்படியானால் அந்தப் பணத்தை

நான் முதலில் மருத்துவத்தில் போடுவேன், தாய்லாந்து வழியில், காப்பீட்டு அட்டைக்கு முன் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. மாவட்ட ஆஸ்பத்திரி ஏற்கெனவே ஓரளவு நடக்கிற நாடு என்றால், அடுத்தது ரொக்கம். ஆனால் வருமானம் பார்த்து அல்ல, வயது பார்த்து. நேபாளம் 1995-இல், இன்றைவிடப் பல மடங்கு ஏழையாக இருந்தபோதே, 75 வயது தாண்டிய எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பிறகு வயது வரம்பைக் குறைத்தார்கள். கர்ணாலி மலைப்பகுதிக்கும் தலித் மக்களுக்கும் 60 என்று வைத்தார்கள், ஏனென்றால் அங்கே பலர் 75-ஐப் பார்ப்பதே இல்லை. வருமானத்தை மறைக்கலாம், வயதை மறைப்பது கஷ்டம். குழந்தைக்கும், முதியவருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் என்று மூன்று வகை போதும். ஏழை வீடுகளில்தான் இவர்கள் கூடுதலாக இருப்பார்கள். கொஞ்சம் பணம் வசதியான வீட்டுக்குப் போகும், போகட்டும்.

அந்த வசதியானவரிடமிருந்து வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆசிய அரசுகள் பெரும்பாலும் செய்யத் தயங்கும் இடம் இது. பென்சன் வாங்கும் பாட்டி சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறாள். சொத்து வைத்திருப்பவர் அந்தச் சொத்துக்குப் பல நாடுகளில் வாரிசு வரி கட்டுவதில்லை. தைவான் 1949-இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வெட்டி, 1953-இல் உழுபவருக்கே நிலத்தைக் கொடுத்த பிறகுதான் அதன் தொழில் வளர்ச்சி சமமாகப் பரவியது. இன்று நிலத்தைப் பிரிப்பது அவ்வளவு எளிதல்ல. நகர நிலத்துக்கும் பரம்பரைச் சொத்துக்கும் வரி போடுவது நடக்கக்கூடியதுதான்.

வேலை உறுதியை மூன்றாவதாக வைக்கிறேன், கூலியை 15 நாளில் கொடுக்க முடியும் என்றால் மட்டும். முடியாது என்றால் தொடங்காமல் இருப்பது நல்லது. உழைத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருப்பவர் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறார். கறவை மாட்டுத் திட்டம் கடைசியில், சின்னதாக, ஊர்ப் பெண்கள் குழு ஒன்று பட்டியல் போடத் தயாராக இருக்கும் இடத்தில்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கடன் நெருக்கடியில் இருக்கும் ஒரு நாட்டுக்கு, பட்டியல் போட்டே தீர வேண்டும் என்று கடன் கொடுப்பவர் நிபந்தனை வைப்பார். அப்போது பேரம் பேச வேண்டியது தொகையைப் பற்றி அல்ல. பட்டியல் ஆண்டு முழுக்கத் திறந்திருக்குமா, யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் பெயர் சேர்க்கக் கேட்கலாமா, மறுத்தால் எத்தனை நாளில் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், தொகை விலைவாசியோடு தானாக ஏறுமா, இந்த நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம்.